கிளவுடில் நமக்கு என்னென்ன இருக்கின்றன?

(மன்னாரில் அரச உத்தியோகத்தர்கள், தகவல் தொழில்நுட்ப மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிளவுடிலும் மெய்நிகர் இயந்திரங்களிலும் நம்மிடம் இருப்பவற்றைத் தானாகக் கண்டறியும் ஏற்பாட்டை எப்படி அமைப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் போடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் என்ன பேசுவது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கண்ணுக்கு எட்டாத சொத்தைக் கணக்கெடுப்பதில் இந்தக் கரைக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆகவே முதலில் கடலுக்குப் போவோம்.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் முத்துப் பார்களை ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் அரச சொத்தாக வைத்திருந்தார்கள். சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூட்டுவதற்கு முன் பார்களைச் சோதிப்பது வழக்கம். சுழியோடிகளை இறக்கி மாதிரிக்குச் சிப்பி எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பைப் பார்த்த பிறகுதான் இந்த ஆண்டு முத்துக்குளிப்பு உண்டா இல்லையா என்ற அறிவித்தல் வெளிவரும்.

இந்தப் பார்களை ஆராய 1902 இல் பேராசிரியர் ஹெர்ட்மன் இங்கே வந்தார். ஜேம்ஸ் ஹோர்னல் அவருக்குத் துணை. அவர்களுடைய ஆய்வை லண்டன் ரோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. பெரிய பார் எனப்படும் பாரில் இளஞ்சிப்பி ஏராளமாகப் பிடிக்கும், தென்மேற்குப் பருவக்காற்று வந்து போனால் அத்தனையும் காணாமற் போகும் என்பது அந்த ஆய்வு அழுத்திச் சொன்ன விடயம். பாரின் பெயரும் இடமும் அப்படியேதான் இருக்கும். மேலே இருந்த சிப்பிதான் இருக்காது.

1905 இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரை சேர்ந்தன. இந்தக் கரை கண்ட மிகப் பெரிய சலாபங்களில் அது ஒன்று. அந்த வெற்றியின் சூட்டோடு, 1906 இல், பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது லண்டனில் தொடங்கப்பட்ட ஒரு கம்பனி. 1907 க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. கம்பனி முறிந்து போனது. ஒரு நாள் எடுத்த கணக்கை இருபது ஆண்டுச் சொத்தாக எண்ணியவர்களின் கதி அது.

கிளவுடை நடத்தும் அலுவலகங்கள் பல இன்று அந்தக் கம்பனியின் நிலையில்தான் இருக்கின்றன. போன வருடம் எடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு இந்த வருடத்தை நடத்துகின்றன.

இங்கே அரச அலுவலகங்களில் பணிபுரிபவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வருட முடிவில் போர்ட் ஒஃப் சேர்வே வரும். கதிரை, மேசை, அலுமாரி, பிரின்டர் எல்லாவற்றுக்கும் பெயின்டில் இலக்கம் எழுதியிருக்கும். இன்வென்டரிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு கதிரை குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்த முறையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அது கதிரைக்காக உருவான முறை. கதிரை இரவோடு இரவாகப் பிறக்காது, தானாக மறையாது.

மெய்நிகர் இயந்திரம், நாம் வழக்கமாக வி.எம். என்று சொல்வது, அப்படிப்பட்டதில்லை. ஒரு பெரிய சேர்வருக்குள் மென்பொருளின் உதவியால் பத்து இருபது கணினிகள் தனித்தனியாக இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம், தனி முகவரி, தனி வட்டு. ஒன்றை உருவாக்க இரண்டு நிமிடம் போதும். கொள்வனவுக் கட்டளை வேண்டாம், லொறி வேண்டாம், களஞ்சியப் பொறுப்பாளரின் கையொப்பம் வேண்டாம். கிளவுட் என்று வந்துவிட்டால் அந்தப் பெரிய சேர்வரே மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். வி.எம். மட்டுமா? வட்டு, வட்டின் நகல், தரவுத்தளம், கோப்புக் களஞ்சியம், வெளி முகவரி, பயனர் கணக்கு, சாவி என்று எத்தனையோ உண்டு. இவை எதிலும் பெயின்டால் இலக்கம் எழுத முடியாது.

இவற்றைக் கணக்கில் வைத்திருக்காவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். நமது நாட்டிலேயே பதில் இருக்கிறது.

2023 ஓகஸ்ட் மாதக் கடைசியில் இலங்கை அரச கிளவுடைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அந்தக் கிளவுடை நடத்தியது தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், சுருக்கமாக ஐ.சி.டி.ஏ. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடங்கும். சேவையை விரைவில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் திரும்பவில்லை. தாக்குதல் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. அந்தக் காலத்துக்குத் தனியாக, வலையமைப்புக்கு வெளியே எடுத்து வைத்த பேக்கப் இருக்கவில்லை. மின்னஞ்சல் ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013 என்ற பதிப்பில். அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11 ஆம் திகதி நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப் போனது என்று முகவர் நிலையம் விளக்கம் சொன்னது.

தானியங்கிக் கண்டறிதல் இருந்திருந்தால் அந்தத் தாக்குதலைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. தடுத்திருக்காது. அது காவற்காரன் வேலை செய்யாது. ஆனால் நன்றாக அமைக்கப்பட்ட ஓர் ஏற்பாடு தினமும் காலையில் மூன்று வரிகளைத் திரையில் காட்டும். இந்த சேர்வரில் இன்ன பதிப்பு ஓடுகிறது. அந்தப் பதிப்பின் ஆதரவு இன்ன திகதியோடு முடிந்துவிட்டது. வெளியே எடுத்து வைத்த கடைசி பேக்கப்பின் திகதி இது. மே 17 க்கும் ஓகஸ்ட் 26 க்கும் இடையில் ஏறத்தாழ நூறு நாட்கள். அந்த மூன்று வரிகளும் நூறு நாளும் சிவப்பு எழுத்தில் பொறுப்பான ஒருவரின் கண்முன் நின்றால், பணம் ஒதுக்குபவருக்கு அவர் கடிதம் எழுதியே ஆகவேண்டும். எழுதவில்லை என்றால், ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு ஆளாவார். இந்த ஏற்பாட்டின் பயன் இவ்வளவுதான். இது சின்னப் பயனில்லை.

ஆவணம் தொலைவது என்றால் என்னவென்று மன்னார் மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வீட்டைப் பூட்டிக்கூட வர முடியாமல் புறப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போர்க்காலம் முழுக்க மடுவுக்கும் வன்னிக்கும் கடலுக்கு அப்பாலும் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து கச்சேரி வாசலில் நின்ற நாட்கள் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். இனி வரும் காணிப் பதிவும் படகுப் பதிவும் சேர்வர்களில்தான் இருக்கும். எந்த சேர்வரில் இருக்கின்றன, அதன் நகல் எங்கே என்று பதில் சொல்ல ஆள் வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2025 செப்டெம்பர் 26 இரவு தென்கொரியாவின் டேஜோன் நகரில், தேசிய தகவல் வளச் சேவை என்ற அரச தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்களில் தீப்பிடித்தது. 96 அமைப்புகள் நேரடியாகப் பாதிக்கப்பட்டன. முன்னெச்சரிக்கையாக ஏனையவற்றையும் நிறுத்தினார்கள். நின்றுபோன அமைப்புகள் மொத்தம் 647 என்று அரசு அறிவித்தது. அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜீ-டிரைவ் என்ற களஞ்சியத்தில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளிப் பேக்கப் கிடையாது. இந்தத் துறையில் இருப்பவர்களை அதிர வைத்த செய்தி அதற்குப் பிறகு வந்தது. இரண்டு வாரம் கழித்து, ஒக்டோபரில், நின்ற அமைப்புகள் 647 இல்லை, 709 என்று அரசே திருத்தியது. காரணம் என்ன? எந்தெந்த அமைப்புகள் உள்ளன என்ற விபரத்தைத் தன்னிடம் வைத்திருந்த முகாமைத்துவ அமைப்பும் அதே நிலையத்தில் இருந்து நின்றுபோனவற்றுள் ஒன்று. அதை மீட்டெடுத்த பிறகுதான் சரியான எண்ணிக்கை தெரிந்தது.

உலகிலேயே மின்னாட்சியில் முன்னிற்கும் நாடுகளில் ஒன்று இரண்டு வாரமாகத் தன் அமைப்புகளை 62 குறைத்து எண்ணியிருக்கிறது. பட்டியல் வேண்டும், அதன் நகல் வேறோர் இடத்தில் வேண்டும் என்ற இரண்டு பாடங்களும் அதில் உண்டு.

சரி, எப்படி அமைப்பது? மாணவர்கள் இனிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கண்டறிய நான்கு வழிகள் உண்டு. முதலாவது, வலையமைப்பைத் தட்டிப் பார்ப்பது. ஓர் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு சைகை அனுப்பி, பதில் தருபவற்றைக் குறித்துக்கொள்வது. அலுவலகத்துக்குள் இருக்கும் பிரின்டர், சுவிட்ச், கமரா போன்றவற்றுக்கு இது நல்லது. நிறுத்தி வைத்த வி.எம். பதில் சொல்லாது, ஃபயர்வோலுக்குப் பின்னால் இருப்பதும் பதில் சொல்லாது. கிளவுடில் இந்த வழி மட்டும் போதாது.

இரண்டாவது, மூலத்திடமே கேட்பது. வி.எம். களை உருவாக்கும் அமைப்புக்கு, தான் உருவாக்கியவை எவை என்பது தெரியும். உங்கள் கட்டடத்தில் வி.எம்.வெயார் இருந்தால் அதன் முகாமை மென்பொருளான விசென்டரிடம், புரொக்ஸ்மொக்ஸ் இருந்தால் அதனிடம், கிளவுட் என்றால் அமேசன், மைக்ரோசொப்ட் அஷூர், கூகுள் ஆகியவற்றில் நிரல்கள் பேசுவதற்கென்று உள்ள ஏ.பி.ஐ. யிடம் நமது நிரல் கேட்கும்: இந்தக் கணக்கில் என்னென்ன இருக்கின்றன? நிறுத்தியது, ஓடுவது, பேர் வைக்காதது எல்லாமே பதிலில் வரும். இன்றைய கண்டறிதலின் முதுகெலும்பு இதுதான்.

மூன்றாவது, ஒவ்வொரு வி.எம். இற்கு உள்ளேயும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளை நிறுவுவது. என்ன பதிப்பு ஓடுகிறது, வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற உள்விடயங்களை அதுதான் சொல்லும். ஏஜென்டை நிறுவ மறந்த வி.எம். பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆகவே இரண்டாவது வழியில் கிடைத்த பட்டியலோடு இதை ஒப்பிட வேண்டும். ஏஜென்ட் இல்லாத வி.எம். எவை என்பதே பெறுமதியான ஓர் அறிக்கை.

நான்காவது, நிகழ்வுகளைக் கேட்டுக்கொண்டிருப்பது. அமேசனில் ஒரு வி.எம். ஐ அழித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை அது பட்டியலில் தெரியும், பிறகு தெரியாது. இரவு இரண்டு மணிக்கு ஒருவன் திருட்டுச் சாவியால் உள்ளே வந்து, இருபது வி.எம். களை ஓடவிட்டு, மூன்று மணிக்கு அழித்துவிட்டுப் போனால், காலை எட்டு மணிக்குக் கணக்கெடுக்கும் நிரலுக்கு ஒன்றுமே அகப்படாது. உருவாக்கியது, அழித்தது, யார் செய்தது என்ற பதிவு அமேசனில் கிளவுட்டிரெயில் என்ற இடத்திலும் அஷூரில் அக்டிவிட்டி லொக்கிலும் வழக்கமாக 90 நாட்கள் இருக்கும். அதையும் எடுத்துச் சேமிக்க வேண்டும்.

இந்த நான்கையும் கலந்து அமைப்பதே முழுமை. ஆனால் தொடக்கத்தில் இரண்டாவது வழியைச் செய்யுங்கள். ஒரு நாள் வேலையில் பாதிக்கு மேற்பட்ட பலன் அதிலேயே கிடைத்துவிடும்.

நடைமுறையில் முதற்படி, கணக்குகளைத் தேடுவது. இதை நிரல் செய்யாது, மனிதர் செய்ய வேண்டும். உதாரணத்துக்கு, மன்னாரில் கடல் அட்டை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் இணையத்தளத்தைச் செய்து கொடுத்த தம்பி தன்னுடைய சொந்த மின்னஞ்சலில் அமேசன் கணக்கைத் தொடங்கினார். முதலாளியின் கடன் அட்டையைக் கொடுத்தார். அடுத்த வருடம் தம்பி கனடா போய்விட்டார். கணக்கு யார் பெயரில்? சாவி யார் கையில்? கண்டறியும் நிரலை எவ்வளவு அழகாக எழுதினாலும், அதற்குத் தெரியாத கணக்குக்குள் அது நுழையாது. இந்த இடத்தில் நல்ல துப்பு எது தெரியுமா? வங்கிக் கூற்று. மாதா மாதம் எந்த வெளிநாட்டுக் கம்பனிக்கு டொலர் போகிறது என்று கணக்காளரிடம் கேளுங்கள். கணினிப் பிரிவுக்குத் தெரியாத கணக்குகளும் அங்கே தெரியவரும்.

இரண்டாம் படி, பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிச் சாவி. கண்டறியும் நிரலுக்கு நிர்வாகியின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. நிரல் ஓடும் சேர்வர் பறிபோனால் அத்தனையும் பறிபோகும். விசென்டரில் ரீட்-ஒன்லி, புரொக்ஸ்மொக்ஸில் பி.வி.இ. ஓடிட்டர், அஷூரில் ரீடர் என்ற பாத்திரங்கள் இதற்காகவே இருக்கின்றன. அமேசனில் ஒரு நுணுக்கம் உண்டு. ரீட்-ஒன்லி-அக்சஸ் என்ற அனுமதி, பெயரைப் பார்த்தால் பாதுகாப்பானது போல இருக்கும். அதைக் கொடுத்தால் எஸ்-3 களஞ்சியத்தில் உள்ள கோப்புகளையே திறந்து வாசிக்கலாம். பட்டியல் மட்டும் போதும் என்றால் வியூ-ஒன்லி-அக்சஸ் என்பதைக் கொடுங்கள். நோயாளியின் அறிக்கையையோ வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியையோ கணக்கெடுக்கும் நிரல் வாசிக்கத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ள நாட்டில் இது இன்னும் முக்கியம். சாவியும் நிரந்தரமானதாக இருக்கக் கூடாது. சிறிது நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவியை எடுக்கும் வசதி மூன்று பெரிய கிளவுடுகளிலும் உண்டு.

மூன்றாம் படி, எல்லா வட்டாரங்களிலும் கேட்பது. அமேசனில் கணக்குத் தொடங்கிய உடனேயே 17 வட்டாரங்கள் திறந்த நிலையில் இருக்கும். நீங்கள் மும்பையை மட்டும் பாவிப்பீர்கள். சாவியைத் திருடியவன் நீங்கள் எட்டிப் பார்க்காத சாவோ பாவ்லோவில் இயந்திரங்களை ஓடவிட்டு கிரிப்டோ நாணயம் தோண்டுவான். மாத முடிவில் பில் உங்களுக்கு வரும். நிரல் 17 இடங்களிலும் கேட்க வேண்டும். பாவிக்காத வட்டாரத்தில் ஒன்று முளைத்தால் தொலைபேசி அடிக்க வேண்டும். பதில் நீண்டால் ஏ.பி.ஐ. அதைப் பக்கம் பக்கமாகத் தரும். முதற் பக்கத்தோடு நிறுத்திவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நம்பும் நிரலை மாணவர்கள் நிறையவே எழுதுகிறார்கள். கடைசிப் பக்கம் வரை கேட்க எழுதுங்கள். அவசரப்பட்டு ஒரே நொடியில் ஆயிரம் தரம் கேட்டால் கிளவுட் கதவைச் சாத்திவிடும். அப்போது சிறிது பொறுத்து மறுபடி கேட்க எழுதுங்கள்.

நான்காம் படி, அடையாளம். ஒரு வி.எம். ஐ எதைக் கொண்டு அடையாளம் காண்பது? பலர் ஐ.பி. முகவரியைக் கொண்டு காண்பார்கள். இன்றைக்கு ஒன்றுக்கு இருந்த முகவரி நாளைக்கு வேறொன்றுக்குப் போகும். பெயரும் நம்பக்கூடியதில்லை, டெஸ்ட் என்ற பெயரில் ஒவ்வோர் அலுவலகத்திலும் நாலைந்து இருக்கும். கிளவுட் கொடுத்த இன்ஸ்டன்ஸ் இலக்கத்தைக் கொள்ளுங்கள். வி.எம்.வெயாரில் பயோஸ் இலக்கம், இன்ஸ்டன்ஸ் இலக்கம் என்று இரண்டு உண்டு. நகலெடுத்த வி.எம். களில் முதலாவது ஒன்றாகவே இருந்துவிடக் கூடும். ஆகவே இரண்டாவதை எடுங்கள்.

ஐந்தாம் படி, மறைந்தவற்றை என்ன செய்வது என்று முடிவெடுப்பது. நேற்று இருந்தது இன்று பதிலில் இல்லை என்றால் உடனே அழித்துவிடாதீர்கள். வலையமைப்புத் தடைப்பட்டிருக்கலாம், சாவி காலாவதியாகியிருக்கலாம். மறைந்தது என்று குறித்து, ஒரு கால எல்லை வரை வைத்திருந்து, பிறகு பழைய பதிவேட்டுக்கு மாற்றுங்கள். சபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் இந்தக் கால எல்லையை நாமே அமைக்கலாம். சபிக்ஸ் லத்வியா நாட்டில் பிறந்தது, இலவசமாகக் கிடைக்கிறது. வி.எம்.வெயார், புரொக்ஸ்மொக்ஸ், அமேசன், அஷூர் ஆகியவற்றுக்கு ஆயத்த வார்ப்புருக்களும் அதில் உண்டு. கண்டுபிடித்த உடனேயே அந்த வி.எம். ஐக் கண்காணிப்பிலும் சேர்த்துவிடும். சொத்துப் பதிவேட்டை அழகாக வைத்திருக்க விரும்புபவர்களுக்கு 2016 இல் திறந்த மூலமாக வெளிவந்த நெட்பொக்ஸ் இருக்கிறது. ஆகவே பணம் இல்லை என்பது இந்த வேலைக்குப் பொருந்தாத சாட்டு.

ஆறாம் படிதான் எல்லாவற்றிலும் கடினம். உரியவர் யார்? ஏ.பி.ஐ. இருப்பதைச் சொல்லும். ஏன் இருக்கிறது, யாருக்காக இருக்கிறது, எப்போது அழிக்கலாம் என்று அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் கிளவுடில் டேக் என்ற குறிப்புச் சீட்டு வசதி உண்டு. எங்கள் அலுவலகத்தில் இருபது டேக் வைத்திருக்கிறோம் என்று பெருமை பேசுபவர்கள் உண்டு. இருபதையும் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். நான்கு போதும்: உரியவர், நோக்கம், முடிவுத் திகதி, உள்ளே இருக்கும் தரவு மறைவானதா இல்லையா. உரியவர் என்ற இடத்தில் ஆளின் பெயரைவிடப் பதவியின் பெயரை எழுதுங்கள். ஆள் மாற்றலாகிப் போவார், பதவி இருக்கும். உரியவர் இல்லாத வி.எம். களின் பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தலைமை அதிகாரியின் மேசைக்குப் போகட்டும். அந்தப் பட்டியல் சுருங்குகிறதா என்பதை வைத்தே அலுவலகத்தின் ஒழுங்கை அளந்துவிடலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளவுட் பில் டொலரில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஒரு பைசாவுக்கும் புதிதாக ஒன்றும் வாங்காமலே பில் முக்கால் பங்குக்கு மேல் ஏறியது. அன்றைக்குப் பல நிறுவனங்கள் வீண் செலவைத் தேட ஓடின. வி.எம். ஐ நிறுத்தினாலும் அதன் வட்டுக்கு வாடகை ஓடும். வி.எம். ஐ அழித்தாலும், அமைப்பைப் பொறுத்து, வட்டு அநாதையாக நிற்கும். 2024 பெப்ரவரி 1 முதல் அமேசன் ஒவ்வொரு வெளி ஐ.பி.வி-4 முகவரிக்கும் மணிக்கு அரை அமெரிக்கச் சதம் அறவிடுகிறது, மாதம் ஏறத்தாழ மூன்றரை டொலர். ஒன்று சிறிது, மறந்துபோன முப்பது சிறிதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்ய மேலதிகாரி தயங்கினால், பாதுகாப்பைப் பற்றி விரிவுரை செய்யாதீர்கள். உரியவரில்லாத வட்டுகளின் மாதச் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இனி இரண்டு எச்சரிக்கைகள். மன்னார்த் தீவின் தென்கரையில் நடுக்குடாப் பக்கம் நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது, 30 விசையாழிகள், இலங்கை மின்சார சபை அமைத்தது. இதுபோன்ற மின்னுற்பத்தி நிலையங்களில் ஒவ்வொரு விசையாழிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கும். அலுவலக வலையமைப்பில் செய்வதைப் போல அந்த வகைக் கருவிகளை வேகமாகத் தட்டிப் பார்த்தால் சில கருவிகள் உறைந்து நின்றுவிடும். தொழிற்சாலை, நீர்விநியோகம், மின்சாரம், வைத்தியசாலைக் கருவிகள் உள்ள இடங்களில் தட்டிப் பார்க்காதீர்கள். வலையமைப்பில் தானாகப் போய்வரும் செய்திகளை ஓரமாக நின்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் முறையைக் கையாளுங்கள். உரிய பொறியியலாளரின் எழுத்து மூல அனுமதியும் வேண்டும்.

அடுத்தது, கண்டறியும் கருவியையே கண்மூடி நம்பாதீர்கள். 2017 இல் அமெரிக்காவின் ஈக்குவிஃபெக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு அந்த மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. திருத்தச் சொல்லி உள்ளே மின்னஞ்சலும் போனது. ஓட்டையுள்ள சேர்வரைத் தேடிக் கருவியை ஓடவிட்டார்கள். கருவி அதைக் காணவில்லை. தம்மிடம் என்ன இருக்கிறது என்ற முழுப் பதிவேடு அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது. ஆகவே மாதம் ஒருமுறை ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வி.எம். ஐ நீங்களே உருவாக்குங்கள். உங்கள் ஏற்பாடு அதைப் பிடிக்க எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால், திரையில் பச்சை விளக்கு எரிவதில் பொருளில்லை. உங்கள் ஏற்பாடு தரும் பட்டியலோ திருடனுக்குப் பொக்கிஷம். எந்த சேர்வர் பழையது, எதற்கு பேக்கப் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பூட்டி வையுங்கள், ஒரு நகலை வேறோர் இடத்தில் வையுங்கள்.

உலகெங்கும் பின்பற்றப்படும் சி.ஐ.எஸ். பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் மொத்தம் 18. அவற்றில் முதலாவது சொத்துப் பட்டியல். கடவுச்சொல்லும் ஃபயர்வோலும் பேக்கப்பும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அந்த வரிசையை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

இங்கே இருக்கும் அலுவலர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வருகிற போர்ட் ஒஃப் சேர்வேயில் கதிரை மேசையோடு இன்னொரு பக்கத்தையும் சேருங்கள். உங்கள் அலுவலகத்தின் தரவு எந்தெந்த சேர்வரில், எந்தக் கிளவுட் கணக்கில் இருக்கிறது, யார் பொறுப்பு, வெளியே எடுத்து வைத்த கடைசி பேக்கப்பின் திகதி என்ன என்ற நான்கு கேள்விகளையும் எழுதி, பதில் தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். வெறுமையாக இருக்கும் கட்டத்தைப் பொய்யால் நிரப்பாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கு வேலை கொழும்பிலும் இருக்கிறது, கடல் கடந்தும் இருக்கிறது. போவதற்கு முன் இந்த மாவட்டத்தில் ஒரு பாடசாலைக்கோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ, ஒரு சிறு நிறுவனத்துக்கோ இந்த ஏற்பாட்டை அமைத்துக் கொடுங்கள். ஒரு பழைய கணினி, இலவச மென்பொருள், பார்க்க மட்டும் அனுமதியுள்ள ஒரு சாவி ஆகிய மூன்றும் போதும். போகும்போது சாவியையும் கணக்கையும் அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.